பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2021 ஆகஸ்ட் 3. செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கில் மாலை நேரம்.

லாரா எடெல்சனின் ஃபேஸ்புக் கணக்கு முடங்கியது.

இதில் என்ன அதிசயம், தினம் யாராவது ஒருவர் கணக்கு முடங்கிக்கொண்டுதானே இருக்கிறது என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அதே மாலை, அவருடைய பேராசிரியர் டேமன் மெக்காயின் கணக்கும் முடங்கியது. அவர்களோடு வேலை பார்த்த வேறு சிலருடையதும் போனது. கணக்குகளோடு சேர்ந்து அவர்களுடைய பக்கங்கள், ஆப்கள், ஆராய்ச்சிக்காகத் திறந்து வைத்திருந்த வாசல்கள் எல்லாமே ஒரே வீச்சில் அடைபட்டன.

லாரா அன்று மாலையே ட்விட்டரில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

அதற்குச் சில மணி நேரம் முன்புதான் அவருடைய குழு ஃபேஸ்புக்கிடம் ஒரு தகவலைச் சொல்லியிருந்தது. தாங்கள் அடுத்து எதை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்கிற தகவல்.

அது என்ன? சொல்கிறேன். அதற்கு முன்னால் போன வாரத்துக் கடனை அடைத்துவிடலாம்.

ப்ரோபப்ளிகா பத்திரிகைக்காரர்களை அம்போ என்று விட்டுவிட்டுப் போனோம், நினைவிருக்கிறதா? வாசகர்களின் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனைப் போட்டு, ஃபேஸ்புக் அவர்களுக்குக் காட்டும் அரசியல் விளம்பரங்களைச் சேகரித்தார்கள். விளம்பரம் எது என்று கண்டுபிடிக்க அதன் மேல் இருக்கும் 'ஸ்பான்சர்டு' என்ற சொல்தான் அடையாளம். ஃபேஸ்புக் அந்தச் சொல்லின் நடுநடுவே கண்ணுக்குத் தெரியாத வெட்டி எழுத்துகளைச் செருகியது. மனிதன் படித்தால் ஒழுங்காகத் தெரியும். மென்பொருள் படித்தால் உளறலாகத் தெரியும். அதையும் சமாளித்தார்கள். 2019 ஜனவரியில் கம்பெனி இன்னொரு கதவை அடைத்தது. 'இந்த விளம்பரம் எனக்கு ஏன் வருகிறது?' என்ற பட்டனை மனித விரல் தவிர வேறு எதுவும் அழுத்த முடியாதபடி செய்துவிட்டது.

கருவிக்குக் கண் போயிற்று. அதே சண்டையை எடுத்து நடத்த நியூயார்க் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

லாரா அப்போது முனைவர் பட்ட மாணவி. மெக்காய் இணையக் குற்றங்களைத் துப்பறிந்து பழகியவர். போலி மாத்திரை விற்கும் ஸ்பாம் கும்பல்களின் பணம் எந்த வழியாகப் போகிறது என்று துரத்தியவர். இரண்டு பேருமே கணினிப் பாதுகாப்புக்காரர்கள். அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பூட்டு செய்தவன் 'பூட்டு நல்ல பூட்டு' என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். தாங்களே ஆட்டிப் பார்ப்பார்கள்.

ஃபேஸ்புக் அப்போது ஒரு நல்ல பூட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் பெயர் விளம்பர நூலகம். எங்களிடம் வரும் அரசியல் விளம்பரங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றது கம்பெனி. யார் பணம் கொடுத்தார் என்பது இருந்தது. எத்தனை செலவு என்பது தோராயமாக இருந்தது.

குறி வைத்தது யாரை? அது இல்லை.

அரசியல் விளம்பரம் என்று கம்பெனி கண்டுகொள்ளாமல் விட்டவை எத்தனை? அதுவும் இல்லை. கண்டுகொள்ளாதது எப்படி நூலகத்துக்குள் வரும்?

இங்கேதான் இந்தத் தொடரின் மூலக் கேள்வி மறுபடி தலை தூக்குகிறது. டீக்கடையில் தொங்கும் பேப்பரில் எல்லோருக்கும் ஒரே முதல் பக்கம். ஆசிரியர் எதைத் தூக்கிப் பிடித்தார், எதை அமுக்கினார் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசலாம். ஃபேஸ்புக்கில் கோடிக்கணக்கான பேருக்குக் கோடிக்கணக்கான முதல் பக்கங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்தச் செய்தி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு வந்தது அவருக்குத் தெரியாது. அடுக்கிக் கொடுக்கும் அல்காரிதம் கம்பெனிக்குள் இருக்கிறது.

அப்படியானால் வெளியே இருப்பவன் எப்படி ஆராய்வது?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கம்பெனியிடமே கேட்பது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்காததைப் பற்றி மூச்சு விட முடியாது. இரண்டு, பொய்க் கணக்குகளைத் திறந்து, இவர் வயதானவர், இவர் இந்தக் கட்சி என்று வேஷம் போட்டு என்ன வருகிறது என்று பார்ப்பது. விதிகள் அதை அனுமதிக்காது. தவிர, பொம்மைக்கு நண்பர்கள் கிடையாது, பத்து வருடப் பழக்கங்கள் கிடையாது. பொம்மைக்குக் காட்டுவதைத்தான் மனிதருக்கும் காட்டுகிறது என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது வழி, நிஜ மனிதர்களிடம் போய்க் கேட்பது. 'உங்கள் திரையில் வருவதை எங்களுக்கும் கொஞ்சம் காட்டுவீர்களா?'

லாரா மூன்றாவது வழியில் போனார். 2020 அமெரிக்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. 'ஆட் அப்சர்வர்' என்ற எக்ஸ்டென்ஷன் வெளிவந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே 6,500-க்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் அதைத் தங்கள் பிரவுசரில் போட்டுக்கொண்டார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. நீங்கள் வழக்கம்போல ஃபேஸ்புக்கை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். விளம்பரம் வந்தால் எக்ஸ்டென்ஷன் அதன் வாசகத்தை, படத்தை, இணைப்பை, விளம்பரம் கொடுத்தவரின் பெயரை எடுத்துக்கொள்ளும். 'எனக்கு ஏன் வருகிறது?' என்பதற்கு ஃபேஸ்புக் தரும் காரணத்தையும் எடுத்துக்கொள்ளும். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். உங்கள் பெயர் போகாது. நண்பர் பட்டியல் போகாது. நிரல் முழுவதும் பொதுவில் வைக்கப்பட்டிருந்தது. சந்தேகம் உள்ளவர் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டையே இல்லையா? உண்டு. இப்படி ஓர் எக்ஸ்டென்ஷனைத் தேடிப்போய்ப் போட்டுக்கொள்பவர் யார்? அரசியலில் அக்கறை உள்ளவர், கணினியில் கை பழகியவர். நாட்டு மக்களின் சரியான மாதிரி இது அல்ல. போன் ஆப்பில் வருவதை பிரவுசர் எக்ஸ்டென்ஷன் பார்க்கவும் முடியாது. ஆனால் ஒன்று. நூலகத்தில் இல்லாத ஓர் அரசியல் விளம்பரம் ஒரே ஒரு தன்னார்வலர் திரையில் வந்துவிட்டால் போதும். நூலகம் முழுசு என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிடும்.

கம்பெனிக்கு இது புரியாமல் இருக்குமா?

2020 அக்டோபர் 16. தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. ஃபேஸ்புக்கிடமிருந்து கடிதம் வந்தது. எக்ஸ்டென்ஷனை நிறுத்துங்கள். சேகரித்ததை அழியுங்கள். நவம்பர் 30 வரை கெடு. தவறினால் மேல் நடவடிக்கை.

வில்லன் கிடைத்துவிட்டான் என்று கை தேய்க்காதீர்கள். ஃபேஸ்புக்காரர்கள் இடத்தில் நின்றும் கொஞ்சம் பாருங்கள். சூடு கண்ட பூனை அது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் 8 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் கைமாறியிருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த விவரங்களை முதலில் திரட்டியவர் யார்? ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். 'ஆராய்ச்சிக்காக' என்ற சொல்லை நம்பி வாங்கிய அடி. அதன் பலனாக 2019-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 500 கோடி டாலர் அபராதம் போட்டது. கூடவே அந்தரங்கத்தைக் காப்பது பற்றி ஓர் உத்தரவும் வந்தது. ஆகவே இன்னொரு பல்கலைக்கழகம் வந்து 'எங்களை நம்புங்கள்' என்றால் உள்ளே யாருக்காவது வயிற்றைக் கலக்கியிருக்கும். அந்தப் பயம் நிஜம்.

பயம் மட்டும்தானா? அதுதான் வழக்கு.

கம்பெனி ஒரு மாற்றும் சொன்னது. நாங்களே தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதங்களில் வந்த 13 லட்சம் அரசியல் விளம்பரங்கள் யாரைக் குறி வைத்தன என்ற விவரம். ஆனால் 100 தடவைக்கும் குறைவாகக் காட்டப்பட்டவை அதில் சேராது. யாரோ ஒரு சின்னக் கூட்டத்தை மட்டும் குறி வைத்து ரகசியமாக விடப்படும் விளம்பரம்தானே லாராவுக்கு வேண்டும்? அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை நீட்டினார்கள்.

லாரா மறுத்தார்.

நவம்பர் 30 வந்தது. போனது. எக்ஸ்டென்ஷன் ஓடிக்கொண்டேயிருந்தது. கம்பெனியும் கதவை அடைக்கவில்லை. பேச்சு நடந்தது. இரண்டு பக்கமும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி மாதங்கள் ஓடின.

நடுவில் லாரா ஒரு வேலை செய்தார்.

விளம்பரத்தை விட்டுவிட்டுச் செய்தியின் பக்கம் திரும்பினார். ஃபேஸ்புக்குக்குச் சொந்தமான க்ரவுட்டேங்கிள் என்ற கருவி இருந்தது. எந்தப் பதிவுக்கு எத்தனை லைக், எத்தனை கமென்ட், எத்தனை ஷேர் என்று சொல்லும். அதை வைத்துத் தேர்தலைச் சுற்றிய மாதங்களில் 2,973 செய்திப் பக்கங்கள் போட்ட 86 லட்சம் பதிவுகளை அலசினார்கள். எந்தப் பக்கம் இடது, எது வலது, எது பொய்ச் செய்தி பரப்பும் வழக்கமுள்ளது என்பதை வெளி மதிப்பீட்டு நிறுவனங்களின் பட்டியல்களிலிருந்து எடுத்தார்கள். பெரிய பக்கம், சின்னப் பக்கம் என்ற வித்தியாசம் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, ஆயிரம் பின்தொடர்பவருக்கு வாரம் எத்தனை எதிர்வினை என்று வகுத்துப் பார்த்தார்கள்.

2021 மார்ச்சில் விடை வந்தது.

நடுநிலைப் பக்கங்களிலும் இடதுசாரிப் பக்கங்களிலும் பொய் பரப்புபவருக்கு எதிர்வினை குறைவு. பொய்க்கு அங்கே ஒரு தண்டனை இருந்தது. தீவிர வலதில் மட்டும் தலைகீழ். பொய் பரப்பாத பக்கங்களுக்கு 259. பொய் பரப்பும் பக்கங்களுக்கு 426.

கிட்டத்தட்ட 65 சதவீதம் கூடுதல்.

ஃபேஸ்புக் உடனே ஒரு பதிலைச் சொன்னது. நம் கதைக்கே திருப்பம் அந்தப் பதில்தான், கவனியுங்கள். நீங்கள் எண்ணியிருப்பது எதிர்வினை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றது.

நியாயமான பதில்!

லைக் போட்டவரை எண்ணலாம். கமென்டில் சண்டை போட்டவரை எண்ணலாம். பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தவரை எண்ண முடியாது. ஒரு பதிவு பத்து லட்சம் பேர் கண்ணில் பட்டு நூறு லைக் வாங்கியிருக்கலாம். இன்னொன்று இரண்டாயிரம் பேர் கண்ணில் பட்டு ஆயிரம் லைக் வாங்கியிருக்கலாம். அல்காரிதம் எதைத் தூக்கிவிட்டது என்று தெரிய வேண்டுமானால் பார்த்தவர் எண்ணிக்கை வேண்டும்.

அந்த எண்ணிக்கை யாரிடம் இருந்தது?

ஃபேஸ்புக்கிடம் மட்டும்.

சரி, இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வந்துவிடலாம். லாராவின் குழு அன்று ஃபேஸ்புக்கிடம் சொன்ன தகவல் இதுதான்: ஜனவரி 6 பற்றிய பொய்த் தகவல்கள் உங்கள் தளத்தில் எப்படிப் பரவின என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

ஜனவரி 6. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்த நாள்.

சில மணி நேரத்தில் கணக்குகள் போயின.

விளைவு என்ன தெரியுமா? விளம்பர நூலகத்தின் தரவும் க்ரவுட்டேங்கிளும் அந்தக் கணக்குகள் வழியாகத்தான் திறக்கும். கணக்கு போனால் எல்லாம் போச்சு. இவர்கள் தரவை நம்பி வேலை பார்த்த இருபத்துநான்குக்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள், பத்திரிகையாளர்கள் வேலையும் அதோடு நின்றது. தடுப்பூசி பற்றிய பொய்களை அளந்துகொண்டிருந்த ஆய்வும் அதில் ஒன்று. தொற்றுக்காலம் அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

அன்றே கம்பெனியின் மைக் கிளார்க் ஒரு விளக்கம் எழுதினார். ஆராய்ச்சி என்ற பெயரில் மக்களின் அந்தரங்கத்தைப் பறிகொடுக்க முடியாது என்பது சாரம். 2020 கோடையிலேயே எச்சரித்தோம் என்றார். எங்கள் கண்காணிப்பில் சிக்காதபடி எக்ஸ்டென்ஷனை வடிவமைத்தார்கள் என்றார். சம்மதம் தராதவர்களின் விவரமும் போகிறது என்றார். கடைசியாகத் தன் பிரம்மாஸ்திரத்தை விட்டார். வர்த்தக ஆணையத்தின் உத்தரவுப்படி நடக்கிறோம்.

அரசாங்க உத்தரவு என்ற பிறகு யார் வாய் திறப்பார்கள்?

திறந்தார்கள்.

முதலில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொசில்லா. இந்த எக்ஸ்டென்ஷனைப் பயனர்களுக்குப் பரிந்துரைக்கும் முன் நாங்களே நிரலைத் திறந்து சோதித்தோம், அந்தரங்கத்துக்குப் பங்கமில்லை என்று அதன் பாதுகாப்புத் தலைவர் மறுநாளே எழுதினார். சம்மதம் தராதவர்கள் என்று கம்பெனி சொன்னது யாரை என்று பத்திரிகையாளர்கள் குடைந்தார்கள். விளம்பரதாரர்களை! ஊருக்கே தெரிய வேண்டும் என்று காசு கொடுத்து விளம்பரம் போட்டவர்களின் பெயரைத்தான் அந்தரங்கம் என்றிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5. வியாழக்கிழமை. மார்க் ஸக்கர்பெர்க் பெயருக்கு ஒரு கடிதம் போனது.

அனுப்பியவர் சாமுவேல் லெவின். வர்த்தக ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவின் பொறுப்புத் தலைவர். எங்கள் உத்தரவைக் காரணம் காட்டியது சரியல்ல. முன்கூட்டியே எங்களிடம் கேட்டிருந்தால், பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் ஆராய்ச்சிக்கு விலக்கு அளிக்க உத்தரவில் தடையில்லை என்று சொல்லியிருப்போம். அந்தரங்கத்தைச் சாக்காக வைத்து வேறு காரியம் சாதிக்கப்படக் கூடாது. கடிதத்தின் சாரம் இது.

யார் பெயரைச் சொல்லிக் கதவை அடைத்தார்களோ, அவர்களே வந்து 'நாங்கள் சொல்லவில்லையே' என்றார்கள்.

கணக்குகளை முடக்கும்படி உத்தரவு நேரடியாகக் கட்டாயப்படுத்தவில்லை என்று கம்பெனியின் செய்தித் தொடர்பாளரும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் கதவு? திறக்கவில்லை.

கணக்குகள் முடங்கிப் பத்து நாள் கழித்து பெர்லினிலிருந்து இன்னொரு குரல். அல்காரிதம்வாட்ச் என்ற அமைப்பு. அவர்களும் 1,500 தன்னார்வலர்களை வைத்து இன்ஸ்டாகிராம் எந்தப் படத்தை மேலே தூக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்குடையதுதான். கம்பெனி அவர்களைக் கூப்பிட்டுப் பேசியது. வழக்கு வந்தால் தாங்க முடியாது என்று ஜூலையிலேயே சத்தமில்லாமல் கடையைக் கட்டிவிட்டார்கள். நியூயார்க் சேதி கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்கள்.

ஆக, தன்னார்வலர் வழிக்கு இரண்டு கண்டங்களிலும் அடி. மிஞ்சியது முதல் வழி. கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொள்வது.

கம்பெனியும் கொடுத்தது! ஆகஸ்ட் 18. அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்தவை எவை என்று ஓர் அறிக்கை. லைக் கணக்கு கிடையாது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த, பார்த்தவர் கணக்கு. முதலிடம் எந்த இணைப்புக்கு? முன்னாள் அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர்களை விழாக்களுக்கு ஏற்பாடு செய்து தரும் ஒரு சின்னத் தளத்துக்கு. அரசியலும் இல்லை, பொய்யும் இல்லை. பார்த்தீர்களா, எங்கள் ஊர் எவ்வளவு சாது என்று சொல்லாமல் சொன்னது அறிக்கை.

இரண்டே நாளில் நியூயார்க் டைம்ஸ் ஒரு குண்டைப் போட்டது. இதற்கு முந்தைய காலாண்டுக்கும் அறிக்கை தயாராகியிருந்ததாம். அதில் முதலிடம் பிடித்தது, தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரு மருத்துவர் இறந்துபோன செய்தி. பார்த்த கணக்குகள் ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம். பெயர் கெடும் என்று அதை அமுக்கிவிட்டார்களாம். குட்டு வெளிப்பட்டதும் கம்பெனி அதையும் வெளியிட்டது.

எல்லோரும் அமுக்கிய அறிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் மட்டும் வெளியிட்ட அறிக்கையைக் கையில் எடுத்தார்.

இத்தாலியில் மலை மேல் உள்ள சிறிய ஊர் உர்பினோ. ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர். அங்கே ஒரு பழைய பல்கலைக்கழகம். அதில் ஃபாபியோ ஜிலியெட்டோ என்ற இணைப் பேராசிரியர். ஃபேஸ்புக் தானாக முன்வந்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்திருந்த பிரம்மாண்டமான தரவுத் தொகுப்பு அவரிடமும் இருந்தது. 2017 முதல் ஃபேஸ்புக்கில் பகிரப்பட்ட கோடிக்கணக்கான இணைப்புகளை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கு. தனி ஆளை அடையாளம் காண முடியாதபடி எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் பிசிறு கலந்திருந்தார்கள். முறையாகக் கையெழுத்து வாங்கி, முறையாகக் கொடுத்தது. எக்ஸ்டென்ஷன் இல்லை, பொய்க் கணக்கு இல்லை, விதிமீறல் இல்லை. லாரா போன்றவர்களிடம் 'இப்படி வாருங்கள்' என்று கம்பெனி கைகாட்டிய பாதை இது.

உலகெங்கும் பல ஆய்வாளர்கள் அதை நம்பிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஜிலியெட்டோ அந்தத் தொகுப்பைப் புதிய அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டுமே ஃபேஸ்புக் கொடுத்தவை. இரண்டுமே எண்ணுவது பார்த்தவர்களைத்தான்.

எண்கள் ஒத்துப்போகவில்லை.

பிசிறு என்று தள்ளிவிடலாமா? முடியாது. பிசிறு சில இடத்தில் கூட்டும், சில இடத்தில் குறைக்கும். இங்கே ஓட்டை அதைவிடப் பெரிது. ஆட்களே காணாமல் போயிருந்தார்கள்.

எத்தனை பேர்? எந்த மாதிரி ஆட்கள்? இத்தனை காலம் எவருக்கும் தெரியாமல் எப்படிப் போனார்கள்? ஆராய்ச்சியாளர்களிடம் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்கும்படி ஆன கதை அது.

அடுத்த வாரம் உர்பினோ.